பாட்டா, பெட்டியா, கதையா?

சாதாரண ரசிகன் பாட்டுக் கேட்பதற்காகப் பெட்டி வாங்குகிறான், ஆடியோஃபைல் பெட்டியைக் கேட்பதற்காகப் பாட்டு வாங்குகிறான் என்று ஒரு கேலி நெடுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது இணையம் வந்த பிறகு பிறந்த கேலி இல்லை. எல்பி தட்டுகள் பரவ ஆரம்பித்த 1950களிலேயே லண்டன் மேடையில் மைக்கேல் ஃப்ளாண்டர்ஸும் டொனால்ட் ஸ்வானும் ஹை-ஃபை பைத்தியங்களைக் கிண்டலடித்து ஒரு பாட்டே பாடியிருக்கிறார்கள். ஆக, கிட்டத்தட்ட எழுபது வருஷக் கிண்டல்.

கிண்டலை ஓரமாக வைத்துவிட்டு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது நல்ல கேள்வி. ஒலித்தரத்துக்காகக் கணிசமான பணமும் நேரமும் செலவழிக்கிறவர்தான் ஆடியோஃபைல். இவருக்கு இசை முக்கியமா, கருவி முக்கியமா? ஒரு ஸ்பீக்கர் வயருக்கு லட்ச ரூபாய் கொடுப்பவர் எதை வாங்குகிறார்? அந்த வயரால் பாட்டு நன்றாகிவிட்டது என்று அவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்குக் கேட்கிறது. அப்படியென்றால் நம் காதை நாமே எந்த அளவுக்கு நம்பலாம்? எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே இந்தக் கடைசிக் கேள்வியால்தான்.

பல நாள் படித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது: பாட்டு, பெட்டி என்ற இரண்டோடு கணக்கு முடிவதில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரம் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதற்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

இரண்டு ஜாஸ் பதிவுகள்

முதல் பதிவு. 1947 மார்ச், லாஸ் ஏஞ்சலஸ், ஹை-டி-ஹோ கிளப். மேடையில் சார்லி பார்க்கர் சாக்ஸபோன் வாசிக்கிறார். டீன் பெனடெட்டி என்று இன்னொரு சாக்ஸபோன்காரர், பார்க்கரின் பக்தர் என்றே சொல்லலாம், தட்டில் ஒலியை வெட்டிப் பதியும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கர் தனியாக வாசிக்கும்போது மட்டும் பதிவு ஓடும். அடுத்தவர் வாசிக்க ஆரம்பித்தால் பெனடெட்டி நிறுத்திவிடுவார். தட்டை வீணாக்கக் கூடாது பாருங்கள். இந்தப் பதிவுகள் காணாமல் போய்விட்டதாகவே பல வருஷம் நினைத்திருந்தார்கள். 1990-ல் மொசைக் நிறுவனம் அவற்றை ஒரு பெட்டித் தொகுப்பாக வெளியிட்டது. போட்டுக் கேட்டால் கரகரப்பு, வெடிப்புச் சத்தம், பாதியில் ஆரம்பித்துப் பாதியில் அறுந்துபோகும் துண்டுகள். ஆனாலும் ஜாஸ் மாணவர்களுக்கு அது புதையல்.

இரண்டாவது பதிவு. 1976 டிசம்பர், ஸ்டாக்ஹோம், ஸ்டாம்பென் என்ற கிளப். அந்தக் கட்டடம் முன்பு அடகுக் கடையாக இருந்தது. அதனால் ஆல்பத்துக்கும் 'ஜாஸ் அட் தி பான்ஷாப்' என்றே பெயர். ஆர்னே டொம்னெரஸ் குழு வாசித்தது, கெர்ட் பாம்க்ரான்ட்ஸ் பதிந்தார், ப்ரோப்ரியஸ் நிறுவனம் 1977-ல் வெளியிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தக் கிளப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். கண்ணாடிக் கோப்பைகள் உரசுகிற சத்தம், யாரோ மெதுவாகப் பேசுவது, கை தட்டல் எங்கிருந்து வருகிறது என்பது வரைக்கும் தெரியும். உலகம் முழுக்க ஸ்பீக்கர் கடைகளில் செயல்விளக்கத்துக்குப் போடப்படும் தட்டுகளில் இதுவும் ஒன்று. வாசித்தவர்கள் நல்ல கலைஞர்கள்தான். ஆனால் ஜாஸ் வரலாற்றைத் திருப்பிப் போட்ட இரவு என்று அதை யாரும் சொல்வதில்லை.

இப்போது ஒரு கேள்வி. வீடு தீப்பிடித்துவிட்டது, ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்றால் எதை எடுப்பீர்கள்? நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்பதானால்: டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பழைய 78 ஆர்பிஎம் தட்டிலிருந்து எடுத்தது, கீறல் சத்தத்தோடு கிடைக்கிறது. அதை முழுதாக உட்கார்ந்து கேட்பீர்களா, அல்லது "ரெக்கார்டிங் சரியில்லை" என்று ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடுவீர்களா?

இந்த ஒரு கேள்வியை வைத்தே ஓரளவு ஆளைப் பிரித்துவிடலாம். ஆனால் முழுக்கப் பிரிக்க முடியாது. பெனடெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். இசைதான் அவருக்கு எல்லாம். அந்த இசைக்காகவே ஒரு கனமான இயந்திரத்தைக் கிளப்புக்குள் கொண்டுபோய் வைத்து, தட்டு மாற்றி மாற்றி மாரடித்திருக்கிறார். அவருக்குக் கருவி மேல் அக்கறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? இசை மேல் வரும் வெறி கருவி வழியாகத்தான் போகிறது. சிலருக்கு அது பாதி வழியில் கருவியிலேயே தங்கிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த தமிழ் உதாரணம் கேசட் காலம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளை நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் எல்பியிலிருந்து கேசட்டுக்குப் பதிந்து தருவார்கள். என் மாமா ஒருவர் டிடிகே கேசட்டைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். "சாதா கேசட்ல போட்டா ஆறு மாசத்துல தபேலா செத்துப்போயிரும்" என்பார். அவரை யாரும் ஆடியோஃபைல் என்று சொன்னதில்லை, அவருக்கும் அந்த வார்த்தை தெரியாது. ஆனால் எந்தக் கடையில் டெக்கின் ஹெட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். அவர் பேச்சில் முதலில் வந்தது தபேலா, அதற்குப் பிறகுதான் கேசட். அந்த வரிசையைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

கண்ணை மூடினால் காது என்ன சொல்கிறது?

ஹை-ஃபை உலகத்தில் குருட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. எந்தக் கருவி ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, மதிப்பெண் போடச் சொல்வது. மருந்து ஆராய்ச்சியில் செய்வதைப் போலத்தான்.

ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் செய்து 1994-ல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். 40 பேர், 4 ஸ்பீக்கர்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு முறை கண்ணுக்குத் தெரியும்படி வைத்து. கண்ணுக்குத் தெரிந்தபோது, பெரிதாக, கம்பீரமாக இருந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. விலை குறைந்த, சின்னஞ்சிறு செட்டுக்கு இறங்கியது. இது எதிர்பார்த்ததுதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொரு முடிவு. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி நிஜமாகவே மாறும். திரைக்குப் பின்னால் இருந்தபோது கேட்டவர்கள் அந்த மாற்றத்தைப் பிடித்தார்கள். ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தபோது அதே ஆட்களுக்கு அந்த உணர்வு மழுங்கிவிட்டது. இல்லாத வித்தியாசத்தைக் கண் உண்டாக்குகிறது என்பது பாதிதான், இருக்கிற வித்தியாசத்தையும் அது மறைத்துவிடுகிறது.

அடுத்து 2007-ல் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் ஆடியோ பொறியியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு. எஸ்ஏசிடி போன்ற உயர்தர வட்டுகளை நேரடியாக ஒரு முறையும், அதே ஒலியைச் சாதாரண சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரு முறையும் போட்டுக் காட்டினார்கள். 554 முயற்சிகளில் 276 முறை சரியான விடை. 49.8 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும்.

இதோடு விஷயம் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமில்லை. 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் இந்த வகைச் சோதனைகள் 18-ஐ ஒன்றாகச் சேர்த்து, 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளை அலசினார். மொத்தத்தில் 52.3 சதவீதம் சரி. பயிற்சி பெற்ற காதுகளுக்கு 60 சதவீதம் வரை. ஆக, வித்தியாசம் பூஜ்யம் இல்லை. ஆனால் அது எவ்வளவு சின்னது என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. "திரை விலகியது போல இருந்தது" என்று விமர்சனங்களில் எழுதுவார்களே, அந்த அளவு வித்தியாசம் இருந்தால் நூற்றுக்கு நூறு வர வேண்டாமா?

நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், செலவில்லை. ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனைக்கு ஓர் இணைப்பு இருக்கிறது. தர இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பையும் அதிலிருந்து நீங்களே செய்த 320 கேபிபிஎஸ் எம்பி3-யையும் கொடுத்தால், எது எது என்று மறைத்து மாற்றி மாற்றிப் போடும். 16 முறை கேட்டு 12 சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 4 சதவீத வாய்ப்புதான், அப்போது நிஜமாகவே வித்தியாசம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நான் நல்ல ஹெட்ஃபோனில் நிதானமாகச் செய்தேன். 16-க்கு 9. சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே 9 அல்லது அதற்கு மேல் வர 40 சதவீத வாய்ப்பு உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய காதுக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசதியான ஸ்பீக்கர் வாங்கும் அளவுக்குச் சம்பளம் வருகிறபோது, அதைக் கேட்கிற காது பாதி ஓய்வு பெற்றிருக்கும்.

மோஃபி விவகாரம்

மொபைல் ஃபிடிலிட்டி சவுண்ட் லேப், சுருக்கமாக மோஃபி. 1977-ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். புகழ்பெற்ற ஆல்பங்களின் மூல மாஸ்டர் டேப்பை வாங்கி, மிகுந்த கவனத்தோடு எல்பியாக மறுவெளியீடு செய்வதுதான் தொழில். ஆடியோஃபைல்களுக்கு மோஃபி என்றால் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி.

2016-ல் சன்டானாவின் 'அப்ராக்சஸ்' தட்டோடு 'ஒன்-ஸ்டெப்' என்ற வரிசையை ஆரம்பித்தார்கள். வழக்கமாக எல்பி எப்படித் தயாராகிறது? டேப்பை ஓடவிட்டு லாக்கர் என்ற மெதுவான தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோகத்தில் ஒரு அச்சு, அந்த அச்சிலிருந்து இன்னொரு அச்சு, அதிலிருந்து தட்டை அழுத்தும் கடைசி அச்சு என்று மூன்று படி. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகும். ஒன்-ஸ்டெப்பில் நடுப் படிகள் கிடையாது, லாக்கரிலிருந்து நேராகக் கடைசி அச்சு. அதனால் ஒரு லாக்கருக்கு ஏறக்குறைய 500 முதல் 1,000 தட்டுகள்தான் போட முடியும். விலை 100 டாலர், பிறகு 125 டாலர். தீர்ந்து போனவை மறுவிற்பனையில் அதைப் போலப் பல மடங்குக்குப் போயின. வாங்கியவர்கள் டேப்பிலிருந்து தட்டு வரைக்கும் முழுக்க முழுக்க அனலாக், நடுவில் டிஜிட்டல் வாடையே இல்லை என்று நம்பினார்கள். நிறுவனத்தின் விளம்பர வாசகங்களும் அட்டையில் போட்ட படங்களும் அப்படித்தான் நினைக்க வைத்தன.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை ஒன்-ஸ்டெப்பில் 40,000 பிரதிகள் போடப் போவதாக அறிவிப்பு வந்தபோது சிலருக்குக் கணக்கு இடித்தது. ஒரு லாக்கருக்கு 1,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40,000-க்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் 40 லாக்கர். ஒவ்வொரு லாக்கர் வெட்டவும் அந்த விலைமதிப்பில்லாத மூல டேப்பை ஒரு தடவை ஓட்ட வேண்டும். நாற்பது வருஷம் பழைய டேப்பை அத்தனை தடவை தேய்க்க எந்த நிறுவனம் சம்மதிக்கும்?

2022 ஜூலையில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் ரெக்கார்டு கடை வைத்திருக்கும் மைக் எஸ்போசிட்டோ ஒரு காணொளியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். சில நாளில் கலிஃபோர்னியாவுக்கே போய் மோஃபி பொறியாளர்களைப் பேட்டி கண்டார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மூல டேப்பை ஒரு தடவை ஓட்டி டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவத்தில் கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பிலிருந்துதான் லாக்கர் வெட்டுகிறார்கள். புகழ்பெற்ற ஒன்-ஸ்டெப் தட்டுகளும் இதில் அடக்கம். 2011-லிருந்தே இந்த முறை நடந்து வந்திருக்கிறது.

டிஎஸ்டி என்பது ஒரு பிட் முறை. அலையின் உயரத்தைப் பெரிய எண்ணாக எழுதிவைக்காமல், ஒற்றைப் பிட்டுகளை மட்டும் மிக வேகமாகக் குறித்துக்கொண்டே போகும், அவற்றின் அடர்த்திதான் உயரத்தைச் சொல்லும். மோஃபி பயன்படுத்திய டிஎஸ்டி256-ல் நொடிக்கு 1 கோடியே 12 லட்சம் தடவைக்கும் மேல். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்பி பள்ளத்தால் தாங்க முடிகிற விவரத்தைவிடப் பல மடங்கு விவரம் அந்தக் கோப்பில் இருக்கிறது. பழைய டேப்பும் தேயாமல் பிழைக்கிறது.

ஆனால் ஆடியோஃபைல் உலகம் கொதித்தது. வழக்குகள் போட்டார்கள். 2023-ல் 2.5 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு நிறுவனம் ஒத்துக்கொண்டது. தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தட்டை வைத்துக்கொண்டு ஒரு சின்னத் தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்றைக்கு எது தொலைந்தது?

இந்த இடத்தில்தான் நம் கேள்வியைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

காணொளி வருவதற்கு முந்தின நாள் அலமாரியில் இருந்த தட்டும் மறுநாள் இருந்த தட்டும் ஒன்றுதான். ஒரு பள்ளம்கூட மாறவில்லை. இசைதான் முக்கியம் என்றால் சன்டானா அப்படியே இருக்கிறார். கருவியும் ஒலித்தரமும்தான் முக்கியம் என்றால் அதே கார்ட்ரிட்ஜ், அதே ஆம்ப்ளிஃபயர், அதே ஒலி. பதினொரு வருஷமாக "இதுதான் அனலாக் சுகம், டிஜிட்டலில் இது வரவே வராது" என்று தேர்ந்த விமர்சகர்களே புகழ்ந்த ஒலி. பாட்டும் நஷ்டமில்லை, பெட்டியும் நஷ்டமில்லை. பிறகு ஏன் இவ்வளவு கோபம்?

தொலைந்தது கதை. இந்தத் தட்டு எங்கிருந்து, எந்த வழியாக, யார் கை பட்டு என்னிடம் வந்தது என்ற வம்சாவளிக் கதை. 1970-ல் ஸ்டூடியோவில் ஓடிய அந்த டேப்புக்கும் என் ஊசிக்கும் நடுவில் அறுபடாத ஒரு கயிறு இருக்கிறது என்ற நினைப்பு. 125 டாலரில் பெரும்பங்கு அந்த நினைப்புக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கிண்டல் செய்பவர்கள் இந்தச் சம்பவத்தை வைத்து "பார்த்தீர்களா, இவர்கள் காது செவிடு" என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன, நன்றாக ஒலிக்கின்றன என்று காது சரியாகத்தான் சொன்னது. அது ஏன் நன்றாக ஒலிக்கிறது என்று மூளை சொன்ன காரணம்தான் தவறு. நல்ல டேப், பொறுமையான பொறியாளர், கவனமான அச்சு, தரமான வினைல் இவையெல்லாம் சேர்ந்து செய்த வேலைக்கு, டிஜிட்டல் படாத புனிதம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே சமயம் கோபப்பட்டவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. கைத்தறிப் புடவை என்று சொல்லி விசைத்தறிப் புடவையை விற்றால் என்ன செய்வோம்? கட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், ஒருவேளை விசைத்தறியில் நெசவு இன்னும் சீராகக்கூட இருக்கலாம். ஆனாலும் நாம் காசு கொடுத்தது தறியில் உட்கார்ந்த ஒரு மனிதனுக்காக. சொல்லாமல் மாற்றினால் அது ஏமாற்றுதான். காதால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது விற்றவருக்குச் சாதகமான வாதம் ஆகாது. கதைக்கு விலை வாங்கினால் கதை உண்மையாக இருக்க வேண்டும்.

பெட்டிக்காரர்கள் சரியாகச் சொன்ன ஒன்று

ஒலித்தரம் பேசுபவர்களெல்லாம் இசையை மறந்தவர்கள் என்று முடித்துவிடக் கூடாது. நேர் எதிரான உதாரணம் ஒன்று இருக்கிறது.

2008-ல் மெட்டாலிகா 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பத்தை வெளியிட்டது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்கும் கொடுக்கப்பட்டன. விளையாட்டில் கேட்ட பையன்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிடியைவிட விளையாட்டில் பாட்டு நன்றாக இருக்கிறது! டிரம்ஸ் அடி தனியாகத் தெரிகிறது, கிட்டார் இரைச்சலாக மாறவில்லை. காரணம் எளிது. எல்லா இடத்திலும் சத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிடியில் ஒலியலையின் தலைகளைத் தட்டையாகச் சீவித் தள்ளியிருந்தார்கள். மெதுவான இடமும் சத்தமான இடமும் ஒரே உயரம். விளையாட்டுக்குப் போன பிரதியில் அந்தச் சீவல் இல்லை. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் சரியாக மறுபடி செய்து தரச் சொல்லி மனுப் போட்டார்கள்.

இதற்கு லட்ச ரூபாய் செட் தேவைப்படவில்லை. டிவி ஸ்பீக்கரிலேயே தெரிந்தது. டிரம்ஸின் அடி சாகிறது என்ற கவலை, என் மாமாவின் தபேலாக் கவலையேதான். இங்கே ஒலி மேல் வைத்த அக்கறையும் இசை மேல் வைத்த அக்கறையும் ஒன்று. "சத்தப் போட்டி" பற்றி ஆடியோஃபைல்கள் பல வருஷமாகக் கத்தியது முழுக்கச் சரி.

மேயர்–மோரன் ஆய்விலும் இதையொட்டிய ஒரு குறிப்பு இருக்கிறது. சிடி தரத்துக்கு இறக்கியதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் எஸ்ஏசிடியாக வந்த பதிவுகள் பொதுவாகவே சாதாரண சிடிகளைவிட நன்றாக இருந்தன என்கிறார்கள். காரணம் வடிவம் இல்லை. ஒலித்தரம் பார்க்கிற கூட்டம்தான் வாங்கும் என்று தெரிந்ததால், பொறியாளர்கள் சத்தப் போட்டிக்குப் போகாமல் கவனமாகச் செய்திருக்கிறார்கள்.

ஏன் பெட்டி பக்கமே சாய்கிறோம்?

மென்பொருள் ஆளாக எனக்கு இது பழகிய வியாதி. நிரல் எழுத உட்கார்ந்தவன் எடிட்டருக்கு வண்ணம் மாற்றி, எழுத்துரு மாற்றி, மெக்கானிக்கல் கீபோர்டுக்கு சுவிட்ச் மாற்றி ஒரு வாரத்தை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பேனா சேர்ப்பவர்கள், கேமரா லென்ஸ் சேர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம்.

கருவிக்கு எண் இருக்கிறது, விலை இருக்கிறது, அடுத்த மாடல் இருக்கிறது. இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிட்டுப் பேச வார்த்தைகள் இருக்கின்றன. ஒரு ராகம் ஏன் மனசைப் பிசைகிறது என்று பேசுவது கஷ்டம். அதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும், திரும்பக் கேட்க வேண்டும், கொஞ்சம் படிக்கவும் வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாது. போன மாதம் பிடித்த பாட்டு இந்த மாதம் சலித்தால், குறை பாட்டிலா நம்மிலா என்று யோசிப்பதைவிட, டாக் மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பது சுலபம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேட்கச் சலித்தவனுக்கு வயர் சரியில்லை.

இதில் தப்பென்று ஒன்றும் இல்லை. கருவி மேல் ஆசை என்பதும் ஒரு பொழுதுபோக்குதான், யாருக்கும் கெடுதல் இல்லை. அதை இசை ஆர்வம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடன் வாங்கும்போதுதான் சிக்கல்.

காசும் நேரமும் எங்கே போக வேண்டும்?

மேலே சொன்ன ஆய்வுகளை வைத்து நான் எனக்காகப் போட்டுக்கொண்ட வரிசை இது.

முதலில் பதிவு. எந்த மாஸ்டரிங், எந்த வெளியீடு என்று பாருங்கள். ஒரே ஆல்பத்தின் இரண்டு வெளியீடுகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம், எந்த இரண்டு வயருக்கு நடுவிலும் இல்லை. இரண்டாவது ஸ்பீக்கர் அல்லது ஹெட்ஃபோன். திரைக்குப் பின்னால் வைத்தாலும் மனிதர்கள் நல்ல ஸ்பீக்கரை அடையாளம் காண்கிறார்கள், அதனால் இங்கே செலவு வீண் போகாது. மூன்றாவது அறை. ஒரு கனமான திரைச்சீலை, தரையில் விரிப்பு, சுவரோரம் நிறைந்த புத்தக அலமாரி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைப்பது. இதற்கெல்லாம் செலவு சொற்பம், பலன் ஏராளம். அதற்குப் பிறகு பெரிய இடைவெளி. தேவையான சக்தியுள்ள, ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபயரும் டாக்கும் போதும். வயர் அறுந்துபோகாமல் இருந்தால் சரி.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறேன். கடந்த மாதத்தில் கருவி பற்றிப் படித்த மணி நேரம் எத்தனை, முன்பு கேட்டிராத இசையை முழுதாகக் கேட்ட மணி நேரம் எத்தனை? ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டையும் ஒரு எக்செல் தாளில் எழுதிவைக்கிறேன். இந்த மாதம் முதல் கட்டத்தில் 31, இரண்டாவதில் 6. முதல் எண்ணில் பெரும்பகுதி இந்தக் கட்டுரைக்காகப் படித்தது என்று சமாதானம் சொல்லலாம். அடுத்த மாதத் தாளில் அந்தச் சமாதானம் செல்லாது.